தீராத வயிற்று வலி

ரகுபதிக்கு வயிறு வலித்ததே கிடையாது.

இருபத்தொன்பது வருஷத்தில் ஒரு நாள்கூட இல்லை. கம்பெனி கேன்டீனில் நைட் ஷிப்டுக்கு ஊற்றும் ஊசிப்போன சாம்பாரையும் செரித்த வயிறு அது. அவனுக்கு வலித்தது முதுகு. பெண்டாட்டியின் பழைய புடவையை நாலாக மடித்து இடுப்பில் இறுக்கிக் கட்டிக்கொண்டுதான் பிரஸ் ஷாப்பில் தகடு தூக்குவான்.

ஆனால் ஆஸ்பத்திரிச் சவக்கிடங்கு வாசலில், சைக்கிள் கேரியரின் மேல் அட்டையை வைத்து எழுதி முடித்த ஏட்டு நாகப்பன் உரக்கப் படித்தது வேறு.

"மேற்படி ரகுபதி என்பவர் நெடுநாளாகத் தீராத வயிற்று வலியால் அவதிப்பட்டு வந்ததாகவும், வலி தாங்காமல் வாழ்க்கையில் வெறுப்புற்று, சேர்த்து வைத்திருந்த மாத்திரைகளைச் சாப்பிட்டுத் தற்கொலை செய்துகொண்டதாகவும் பஞ்சாயத்தார்களாகிய நாங்கள் ஏகமனதாக அபிப்பிராயப்படுகிறோம். இந்தா அப்பாவு, போடு கையெழுத்த."

சந்தேகச் சாவு என்றால் ஊரில் ஐந்து பேர் பிணத்தைப் பார்த்து, எப்படிச் செத்திருப்பான் என்று தங்கள் கருத்தைச் சொல்ல வேண்டும். அது சட்டம். அந்த ஐந்து பேர் வாய் திறப்பதற்கு முன்பே அவர்கள் கருத்தை ஏட்டு எழுதிவிடுவார். அது வழக்கம்.

பிள்ளைப்பாக்கத்தில் அந்த ஐந்து பேரில் முதல் ஆள் எப்போதும் அப்பாவுதான். இதற்கென்றே ஒரு வெள்ளைச் சட்டை வைத்திருந்தார். பேனாவை வாங்கி, ஈரம் படாமல் காகிதத்தை ஒரு கையால் மறைத்து, பெரிய எழுத்தில் தன் பேரைப் போட்டார். அடுத்தவன் போட்டான். அதற்கடுத்தவன் போட்டான். கார்த்திகை மழை நசநசவென்று தூறிக்கொண்டிருந்தது. எல்லாருக்கும் டீ குடிக்கப் போகிற அவசரம்.

"யாருக்கு ஏட்டய்யா வயித்து வலி?"

பத்தடி தள்ளி, வேப்பமரத்தடியில் பெண்களோடு நின்றிருந்த எழிலரசி கேட்டாள். இருபத்து நான்கு வயது. இரண்டு வயதுக் குழந்தை இசைவாணி இடுப்பில். நேற்று மத்தியானத்திலிருந்து அவள் பேசிய முதல் வார்த்தை அதுதான்.

"யம்மா, நீ அந்தாண்ட இரு. உன்கிட்ட அப்பால வரேன்."

"எங்க வூட்டுக்காரருக்கு வயித்து வலின்னு யாரு உங்களுக்கு சொன்னது?"

நாகப்பன் பேனாவை மூடினார். கெட்டவர் இல்லை. ரிட்டையர் ஆக மூன்று வருஷம் இருந்தது, ஒவ்வொரு நாளையும் வம்பில்லாமல் கழிக்க விரும்பியவர். குரலைத் தாழ்த்திக்கொண்டு அவள் பக்கம் வந்தார்.

"இத பாரு பொண்ணே. உனக்கு நல்லதுதான் செஞ்சிகினு கீறேன். நேத்து காலைல நீயும் அவனும் போட்ட சண்ட தெருவே கேட்டுகீது. குடும்பத் தகராறுன்னு நான் எழுதினேன்னு வெய்யி, நாளைக்கே உன்ன இட்டுகினு போயி ஸ்டேஷன்ல குந்த வெப்பாங்க. வயித்து வலின்னா யாரு மேலயும் பழி இல்ல. கௌரவமா பூடும்."

"அவுரு சாவணும்னு சாவலியே."

"அத நீ சொல்ற. இது வேற சொல்லுது."

சட்டைப் பையிலிருந்து மடித்த ஜெராக்ஸ் ஒன்றை எடுத்து நீட்டினார். கம்பெனி முதலுதவி அறையின் ரிஜிஸ்டர். கம்பவுண்டர் திருநாராயணனின் முத்து முத்தான கையெழுத்தில் தேதி, டோக்கன் நம்பர், மாத்திரை எத்தனை என்று கோடு போட்டு எழுதியிருந்தது. கடைசிக் கட்டத்தில், வால் நீண்ட அந்த 'ர'. எழிலரசிக்கு அதைத் தெரியும். கல்யாணப் பத்திரிகையின் பின்பக்கத்தில் அவளுக்கு முதல் கடிதம் எழுதியவனின் 'ர'.

"ஒம்பது நாளு. முப்பத்தெட்டு மாத்திரை. அத்தினியும் வலி மாத்திரை, செவப்பு கலரு. அத்தினிக்கும் அவன் கையெழுத்து. ஒரு ஆளுக்கு எதுக்கும்மா முப்பத்தெட்டு? சேத்து வெக்கத்தான? பேன்ட் பாக்கெட்ல ரெண்டு மிச்சம் இருந்துது. கணக்கு முடிஞ்சிச்சி."

எழிலரசி ஜெராக்ஸை இன்னொரு தடவை பார்த்தாள். அது அவன் கையெழுத்துதான்.

"போட்டுக் குடுத்துட்டு பாடிய வாங்கிகினு வாடி!" என்று பின்னாலிருந்து மாமியார் கங்கம்மாள் கத்தினாள். அழுது அழுது குரல் கிழிந்திருந்தது. "என் புள்ள அங்க ஐஸ் இல்லாம கெடக்கறான். இவளுக்கு நாயம் வேணுமாம். காலைல வாய வெச்சிகினு சும்மா இருந்திருந்தின்னா எனக்கு இந்த கதி வந்திருக்குமா?"

நாகப்பன் இன்னொரு தாளை நீட்டினார். மனைவியின் வாக்குமூலம். அதிலும் வயிற்று வலி. அதிலும் வாழ்க்கையில் வெறுப்பு. கீழே கையெழுத்துக்கு ஒரு கோடு.

எழிலரசி எட்டாவது வரை படித்தவள். கடைசி வரி வரை படித்தாள். தாளைத் திருப்பிக் கொடுத்தாள்.

"போட மாட்டேன்."

"போடாம பாடி கெடைக்காது."

"கெடக்கட்டும்."

ஐந்து பேரும் அவளைப் பார்த்தார்கள். மே மாசக் குண்டுவெடிப்புக்குப் பிறகு போலீஸ் வீடு வீடாகப் புகுந்து விசாரித்ததிலிருந்து அந்தப் பக்கத்து ஊர்களில் காக்கிச் சட்டையைக் கண்டால் ஆம்பிளைகளே சந்து மாறிப் போனார்கள். இவள் ஏட்டின் கையில் காகிதத்தைத் திணித்துவிட்டு நிற்கிறாள்.

"நாளைக்குக் காலைல டாக்டரம்மா வந்து கத்தி வைப்பாங்க" என்றார் நாகப்பன், எரிச்சலை அடக்கிக்கொண்டு. "அதுக்குள்ள புத்தி வந்தா வா. இல்லாங்காட்டி குடும்பத் தகராறுன்னே எழுதிடுவேன். அப்பால என்ன கொற சொல்லாத."

நேற்றுக் காலை ஏழரை மணி. இரண்டு ஷிப்ட் சேர்த்துப் பார்த்துவிட்டு, பதினாறு மணி நேரம் கழித்து ரகுபதி வீட்டுக்கு வந்தான். ஏரி நிரம்பி கலங்கல் வழிந்துகொண்டிருந்தது. அவள் கெண்டை மீன் வாங்கி ஆய்ந்துகொண்டிருந்தாள். வாசலிலேயே உட்கார்ந்து, குனிய முடியாமல், பூட்ஸைக் காலாலேயே தள்ளிக் கழற்றினான். நான்கு நாளாக இருமல். அலமாரியில் இருந்த இருமல் டானிக்கை மூடியில் ஊற்றாமல் அப்படியே இரண்டு மடக்குக் குடித்தான்.

"கொழம்பு கொதிக்கட்டும், தின்னுட்டு படு."

"அப்பால. இப்ப முதுக சாய்க்கணும். பன்னெண்டு மணிக்கு எழுப்பு. ரெண்டு மணி ஷிப்டுக்கும் வரேன்னு சொல்லிட்டேன்."

"மறுபடியுமா? நீ இன்னா மனுஷனா, மாடா?"

"ஆளு இல்லடி. சூப்ரவைசரு கேட்டான்."

"கேட்டா? அந்தக் கம்பெனிக்கே தாலியக் கட்டிக்க. நான் எழுப்ப மாட்டேன், போ."

"எழுப்புடி. மீனு சூடா வெய்யி."

அவ்வளவுதான். தெரு முழுக்கக் கேட்ட சண்டை அதுதான்.

அவள் எழுப்பவில்லை.

பன்னிரண்டு மணிக்கு எட்டிப் பார்த்தாள். குறட்டை. அப்படி ஒரு குறட்டையை அவனிடம் அதுவரை கேட்டதில்லை. தூங்கட்டும், ஒரு நாளாவது தூங்கட்டும் என்று கதவைச் சாத்தினாள். இரண்டு மணிக்குக் கம்பெனிச் சங்கு தூரத்தில் ஊதியபோது குறட்டை நின்று வெகு நேரம் ஆகியிருந்தது.

இது இன்னும் யாருக்கும் தெரியாது.

ஆஸ்பத்திரியிலிருந்து அவள் வீட்டுக்குப் போகவில்லை. குழந்தையைப் பக்கத்து வீட்டுக்காரியிடம் கொடுத்துவிட்டு, ஒரகடம் ரோட்டில் இறங்கி நடந்தாள். இரண்டு பக்கமும் நேற்று வரை வயலாக இருந்தது இன்று முள்வேலியாக இருந்தது. லாரி ஒன்று சேற்றை வாரி அடித்துவிட்டுப் போனது. அவள் துடைக்கவில்லை.

ஊரில் அதைத் தகடு கம்பெனி என்பார்கள். லாரிக்கு வேண்டிய தகடுகளை அழுத்தி வளைத்துக் கொடுக்கும் இடம். இரண்டு மணிக்குச் சங்கு ஊதியதும் கேட் திறந்தது. எண்ணெய் மணத்தோடு ஆட்கள் வெளியே வந்தார்கள். எழிலரசியைப் பார்த்ததும் கூட்டம் இரண்டாகப் பிளந்து, அவளைச் சுற்றிக்கொண்டு போனது. ரகுபதி லைனில் வேலை செய்தவர்கள் இன்னும் வேகமாகப் போனார்கள். போன பொங்கலுக்கு அவள் வீட்டில் உட்கார்ந்து சாப்பிட்டவன் ஒருவன், சைக்கிள் செயின் கழன்றதுபோலக் குனிந்துகொண்டான்.

கம்பவுண்டர் திருநாராயணன் டிபன் கேரியரைச் சைக்கிளில் மாட்டிக்கொண்டு வந்தார். நெற்றியில் ஒற்றைக் கோடு ஸ்ரீசூர்ணம். அவளைக் கண்டதும் இறங்கினார்.

"சார், ஒரு ஆளு ஒம்பது நாள்ல முப்பத்தெட்டு மாத்திரை கேட்டா, எதுக்குன்னு கேக்க மாட்டீங்களா?"

"அம்மா, நான் வாங்கினவா கையெழுத்தைப் பார்ப்பேன். அதுதான் என் வேலை."

"ராத்திரி ஒரு தபா ஆறு வாங்கிகீறாரு. அஞ்சாறு மாத்திரைய ஒரே ஆளு தின்னுவாருன்னா குடுத்தீங்க?"

அவர் அங்குமிங்கும் பார்த்தார். வாட்ச்மேன் இவர்களையே கவனித்துக்கொண்டிருந்தான்.

"எனக்கு ஒண்ணும் தெரியாதும்மா. ரிஜிஸ்டர்ல என்ன இருக்கோ அதுதான்." சைக்கிளில் ஏறினார். பத்தடி போய்த் திரும்பிப் பார்த்தார். பிறகு நிற்காமல் மிதித்தார்.

அஞ்சாறு மாத்திரையை ஒரே ஆள் தின்பாரா? கேட்டபோது அவள் கோபத்தில்தான் கேட்டாள். கேட்ட பிறகுதான் அது மூளையில் உறைத்தது.

டீக்கடைக்குப் பின்னால், சாக்குப் படுதா மறைவில் ராமன் உட்கார்ந்திருந்தான். மண்ணூர்ப் பையன், இருபத்து மூன்று வயது. ரகுபதிக்கு நேர் எதிரே நின்று, அவன் வைக்கிற தகட்டைப் பிரஸ்ஸிலிருந்து வாங்குகிறவன். அவளைப் பார்த்ததும் எழுந்து ஓடப் பார்த்தான்.

"குந்துடா. உன்ன கடிச்சித் தின்னுட மாட்டேன்."

குந்தினான்.

"எதிரும் புதிருமா நின்னவன் நீ. சொல்லு. அத்தினி மாத்திரையும் அவுரா தின்னாரு?"

"அண்ணி, கம்முனு போயிடுங்க அண்ணி. வாட்ச்மேன் பாக்கறான்."

"பாக்கட்டும். எனக்கு இனிமே எவன் பாத்தா இன்னா?"

ராமன் டீ கிளாஸையே உருட்டிக்கொண்டிருந்தான்.

"லைன் நிக்கக் கூடாது அண்ணி" என்றான் கடைசியில். "ஒருத்தன் லைன உட்டுப் போனா பிரஸ் நின்னுடும். அஞ்சு நிமிஷம் நின்னா சூப்ரவைசரு சீட்டுல ஏத்திடுவான். மாத்திரை வேணும்னா அவனவன் போயி கையெழுத்து போட்டு வாங்கணும். பன்னெண்டு பேரு எப்பிடி போறது? அண்ணன்தான லைன் லீடரு. டீ டைம் வரச்சொல்ல அவுரு மட்டும் ஓடுவாரு. எல்லாருக்கும் சேத்து அவுரே கையெழுத்து போடுவாரு. வாங்கியாந்து பொட்டுக்கடலை மாதிரி பிரிச்சிக் குடுப்பாரு. 'ஏய் ராமா, உனக்கு ஒண்ணு போதும்டா, கல்யாணம் ஆவாதவன்'னு சிரிப்பாரு."

"எத்தினி நாளா?"

"எட்டு மாசமா நான் பாக்கறேன். அதுக்கு முன்னாடியும்தான். சூப்ரவைசருக்கும் தெரியும். அவனே கேப்பான். 'இன்னாங்கடா, மாத்திரை போட்டாச்சா? அடிங்கடா பீஸ'ன்னு."

"அந்தக் கம்பவுண்டருக்கு?"

"தெரியாம இருக்குமா? எல்லாருக்கும் தெரியும். அண்ணன் அன்னிக்கு ராத்திரி ரெண்டோ மூணோ போட்டாரு. வலி அடங்கலன்னு காலைல இன்னொண்ணு. நான் பாத்தேன்."

எழிலரசி அவன் எதிரில் மண்ணிலேயே உட்கார்ந்துவிட்டாள். இரண்டு நாளாக நெஞ்சில் நின்ற ஒன்று கீழே இறங்கியது. அவன் சேர்த்து வைக்கவில்லை. அவளை விட்டுவிட்டுப் போகத் திட்டம் போடவில்லை. முதுகு வலித்தது, தின்றான். இன்னும் வலித்தது, இன்னும் தின்றான்.

"நாளைக்கு ஆஸ்பத்திரிக்கு வந்து ஏட்டாண்ட இத சொல்லு."

ராமன் அவள் காலைத் தொட வந்தான்.

"அண்ணி, நான் டெம்பரரி. இன்னிக்கி காலைல நோட்டீஸ் ஒட்டிட்டாங்க. அடுத்தவனுக்காக மாத்திரை வாங்கினாலும் குத்தம், அடுத்தவன் வாங்கினத தின்னாலும் குத்தம், வேலைய உட்டுத் தூக்குவோம்னு. அவுரு செத்த மறுநாளே ஒட்டிகீறாங்க பாருங்க! எங்க அக்கா கல்யாணம் தை மாசம். என்ன மட்டும் இழுக்காதீங்க."

எழிலரசிக்கு அவனை அறையலாம் போல இருந்தது. ஆனால் அவன் கையும் கணுக்கணுவாகத் தகடு கிழித்த கைதான்.

"சரி, உன் பேரு என் வாயில வராது" என்று எழுந்தாள்.

சாயங்காலம் அப்பாவு வீட்டு வாசலில் போய் நின்றாள். அவர் சூடான கேழ்வரகுக் களியைக் கருவாட்டுக் குழம்பில் தோய்த்து விழுங்கிக்கொண்டிருந்தார். அவர் பெண்டாட்டி அம்சவல்லி மனைப்பலகை எடுத்துப் போட்டாள். எழிலரசி உட்காரவில்லை. ராமன் பேரைச் சொல்லாமல் மற்றதையெல்லாம் சொன்னாள்.

"நீங்க போட்ட கையெழுத்த திருப்பி வாங்குங்க மாமா."

"போட்டது போட்டதுதாம்மா. ஏட்டு படிச்சவரு. நாலும் தெரிஞ்சவரு. அவுரு தப்பா எழுதுவாரா?"

"இது வரைக்கும் எத்தினி பேருக்கு இப்பிடி கையெழுத்து போட்டிருப்பீங்க?"

அப்பாவு பெருமையாக விரலை மடக்கினார். "பதினஞ்சு வருஷத்துல பதினெட்டு பேரு. ஸ்டேஷன்ல கேளு, அப்பாவு கூப்ட்டா வராத நாளே இல்ல."

"அதுல எத்தினி பேருக்கு வயித்து வலி?"

களி வாயருகே நின்றது.

அம்சவல்லிதான் பேசினாள், அடுப்படியிலிருந்து. "செங்கச் சூளையாண்ட செத்தாளே அந்தப் பொண்ணு, அவளுக்கு வயித்து வலி. கெணத்துல வுழுந்தாரே மேஸ்திரி, அவுருக்கு வயித்து வலி. எங்க சித்தப்பன் புள்ளைக்கும் அதான் எழுதினாங்க. நீங்க வந்து சொல்லுவீங்களே, 'பாவம், வயித்து வலியாம்'னு. நானும் நம்பிகினு கெடந்தேன். இந்த ஊர்ல எவனுக்கும் வேற எங்கயும் வலிக்காது போல."

"சும்மா இருடி."

"பதினஞ்சு வருஷமா சும்மாதான இருக்கறேன்!"

அப்பாவு கையைக் கழுவிவிட்டு, துண்டால் வெகுநேரம் துடைத்துக்கொண்டிருந்தார். "காலைல வரேன். வந்து இன்னா செய்யறதுன்னு தெரியல. வரேன்" என்றார்.

மறுநாள் காலை டாக்டர் கமலினி கையுறையைக் கழற்றிக்கொண்டே வெளியே வந்து எழிலரசியைக் கூப்பிட்டார். சின்ன வயது. கண்ணில் தூக்கமில்லை.

"தூங்கும்போது குறட்டை விட்டாராம்மா?"

"ஆமாங்க. ரொம்ப பெருசா. எப்பவும் அப்பிடி உட மாட்டாரு."

டாக்டர் கழற்றிய கையுறையை வாளியில் போட்டார்.

"இருமல் மருந்து?"

"குடிச்சாரு. அளவு பாக்காம."

"இந்த மாத்திரையும் அந்த மருந்தும் சேர்ந்தா மூச்சை மெதுவா அமுக்கிடும். குறட்டை மாதிரிதான் கேட்கும்."

"பன்னெண்டு மணிக்கு எழுப்பியிருந்தா?"

"தெரியாதும்மா" என்றார் டாக்டர். அவளைப் பார்க்காமல்.

"நீங்களே எழுதுங்களேன் டாக்டரம்மா. தெரியாம ஆயிடிச்சின்னு."

"என்கிட்ட இருக்கிறது உடம்பு மட்டும்தான். குடலைச் சென்னைக்கு அனுப்புவோம். நாலு மாசமோ ஆறு மாசமோ கழிச்சு, இந்த மருந்து இவ்வளவு இருந்ததுன்னு சீட்டு வரும். எவ்வளவுன்னு சொல்லும். எதுக்குன்னு சொல்லாது. வலிக்குப் போட்ட மாத்திரையும் சாகப் போட்ட மாத்திரையும் உள்ள போனப்புறம் ஒண்ணுதான். அந்தச் சீட்டு வர்ற வரைக்கும் நான் 'கருத்து நிறுத்தி வைக்கப்பட்டது'ன்னுதான் எழுத முடியும்."

"அப்ப எதுக்குன்னு யாரு சொல்லுவாங்க?"

டாக்டர் வெளியே கையைக் காட்டினார். நாகப்பனின் சைக்கிள் கேரியர். அதன் மேல் அந்த அட்டை. "அதுல அஞ்சு பேர் கையெழுத்து இருக்கே. எல்லாரும் அதைத்தான் முதல்ல பார்ப்பாங்க."

ஆறு வருஷம் படித்த படிப்பும் சென்னையிலிருந்து வரும் சீட்டும் சொல்ல முடியாததை, பிணத்தின் முகத்தைத் தவிர எதையும் பார்க்காத ஐந்து பேர், டீ ஆறுவதற்குள் சொல்லி முடித்திருந்தார்கள்.

எழிலரசி நேராக ஏட்டின் எதிரில் போய் நின்றாள். சவ வண்டி காத்திருந்தது. கங்கம்மாள் அதன் சக்கரத்தில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். பிணம் தூக்க வந்த ஆம்பிளைகள், ஒதுக்குப்புறமாகத் தலையில் துண்டு போட்டு ராமன்.

"நான் சொல்றத எழுதுங்க ஏட்டய்யா. அப்பால கையெழுத்து போடறேன்."

"சொல்லு."

"சாவப் போறவன், பன்னெண்டு மணிக்கு எழுப்புன்னு சொல்லிட்டு படுப்பானா? மீனு சூடா வெய்யின்னு சொல்லுவானா? சொன்னாரு. எழுப்பச் சொன்னாரு." குரல் உடைந்தது. உடைந்த குரலையே உயர்த்தினாள். "நான்தான் எழுப்பல. கோவத்துல எழுப்பல. தூங்கட்டும்னு எழுப்பல. அத எழுதுங்க. என் பேரு போட்டு எழுதுங்க."

சக்கரத்தடியில் கங்கம்மாள் தலையைத் தூக்கினாள்.

நாகப்பன் எழுதாமல் பேனாவைத் தூக்கினார். "இன்னா பேசறன்னு தெரிஞ்சிதான் பேசறியா? உன் தலைல நீயே மண்ண வாரிப் போட்டுக்கற."

"தெரிஞ்சிதான். அவுரு தலைல நீங்க போட்ட மண்ண எடுக்கணுமே. இன்னும் எழுதுங்க. முப்பத்தெட்டும் ஒரு ஆளு தின்னது இல்ல. லைன்ல பன்னெண்டு பேரு தின்னது. லைன் நிக்கக் கூடாதுன்னு ஒருத்தரு கையெழுத்து போட்டது."

"எந்தப் பன்னெண்டு பேரு? பேரு சொல்லு."

எழிலரசி ராமன் நின்ற பக்கம் திரும்பவில்லை.

"ஒரே ஒரு பேராவது வேணும்மா. பேரு இல்லாத பேச்ச நான் எழுதினா மேல இருக்கறவன் என் மூஞ்சில அடிப்பான்."

அவள் தரையைப் பார்த்தாள். வாய் வரை வந்த பேரை மென்று விழுங்கினாள். நாகப்பன் பெருமூச்சு விட்டுப் பேனாவை மூடப்போனார்.

"எழுதிக்கங்க சார்."

ராமன் தலையிலிருந்த துண்டை எடுத்திருந்தான்.

"ராமன். மண்ணூரு. டோக்கன் நானூத்திப் பதினேழு. அந்த ஒம்பது நாள்ல நான் எட்டு தின்னேன். அண்ணன் கையெழுத்துல."

"டேய், வேலை பூடும்டா" என்றார் நாகப்பன், நிஜமான அக்கறையோடு.

"தெரியும் சார். எழுதுங்க, நான் மனசு மாறதுக்குள்ள."

நாகப்பன் எழுதினார். எழுதிவிட்டு நிமிர்ந்தார். "முப்பத்தெட்டுல எட்டு போச்சி. பாக்கெட்ல ரெண்டு. மீதி இருபத்தெட்டு இன்னும் அவன் பேர்லதான் கீது. இருபத்தெட்டு தின்னவன தெரியாம தின்னான்னு எவன் ஒத்துக்குவான்?"

அப்போதுதான் அப்பாவு முன்னால் வந்தார். இன்று வெள்ளைச் சட்டை இல்லை. கசங்கிய பனியன்.

"ஏட்டய்யா, நேத்து போட்ட கையெழுத்து செல்லாது. நான் கேக்காம போட்டுட்டேன். அந்தத் தாள குடுங்க."

"இன்னாய்யா வெளையாடறியா?"

"என் அபிப்பிராயம்னு தான எழுதிகீறீங்க? என் அபிப்பிராயம் எனக்கு இன்னும் வரல. வந்தா சொல்றேன்." மற்ற நான்கு பேரைத் திரும்பிப் பார்த்தார். இரண்டு பேர் மெதுவாக அவர் பக்கம் நகர்ந்தார்கள். இரண்டு பேர் நகரவில்லை.

நாகப்பன் அந்தத் தாளையும் அந்த மூன்று பேரையும் மாறி மாறிப் பார்த்தார். மேலே தூறல் வலுத்தது. கடைசியில் பழைய தாளை மடித்துப் பையில் வைத்தார். புதிதாக ஒன்றை எடுத்து, பேரும் ஊரும் நேரமும் எழுதி, காரணம் என்ற இடத்துக்கு வந்ததும் பேனா நின்றது. அந்த இடத்தை விட்டுவிட்டு அடுத்த வரிக்குப் போனார்.

"நாளைக்கு சாயங்காலம் வரைக்கும் காலியா வுடறேன். அதுக்கு மேல என்னால முடியாது."

பிணம் வீட்டுக்கு வந்து, குளிப்பாட்டி, மாலை போட்டு, ஒப்பாரி ஏறி, எடுக்கும்போது மணி ஒன்றைத் தாண்டிவிட்டது. தெருமுனை வரைக்கும்தான் பெண்கள். அங்கே பானையை உடைத்துவிட்டு, ஆம்பிளைகள் ஏரிக்கரைப் பக்கம் திரும்பினார்கள். பறையோசை மழையில் நனைந்து நனைந்து தேய்ந்தது.

பெண்கள் எழிலரசியைத் திருப்பி வீட்டுக்குள் அழைத்துப் போகக் கை நீட்டினார்கள். மூலையில் உட்கார வேண்டும். பதினாறு நாள் வாசல் தாண்டக் கூடாது.

அவள் கையை உதறிவிட்டு ரோட்டைப் பார்த்து நடந்தாள்.

"அய்யய்யோ, எங்கடி போற? ஊரு இன்னா சொல்லும்?" என்று அம்சவல்லி பின்னால் ஓடி வந்தாள்.

"அவள வுடு" என்றாள் கங்கம்மாள். பேத்தியைத் தோளில் போட்டுக்கொண்டு, தெருமுனையில் நின்றபடி, மருமகளைப் பார்க்காமலே சொன்னாள். "எழுப்பாத பாவத்துக்கு நான் அவள அப்பால பேசிக்கறேன். வாழ்நாள் பூரா பேசுவேன். இப்ப போவட்டும்."

கம்பெனி கேட்டில் வாட்ச்மேன் தடியை நீட்டினான். அவள் தடிக்கு வெளியே, ரோட்டு ஓரத்தில், யாரும் விலகிப் போக முடியாத இடமாகப் பார்த்து நின்றாள். பிணம் எடுக்கும் முன் பெண்கள் வைத்துவிட்ட பூ தலையில் இருந்தது. அதை யாரும் எடுப்பதற்கு முன்பே வந்துவிட்டிருந்தாள்.

சங்கு ஊதியது. கேட் திறந்தது. முதலில் வந்தவன், பொங்கலுக்கு அவள் கையால் சாப்பிட்டவன், அவளைக் கண்டதும் சைக்கிளைத் திருப்பினான். அவள் கேரியரை எட்டிப் பிடித்தாள்.

"ஓடாத. நீ எத்தினி தின்ன?"